வால்வு வளையம்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
கிஸ்ஸிமியில், நாற்பத்தொன்பது டாலர் விடுதி அறையில்
கவிழ்த்த பனிப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள் கெஸாயா.
ஆறு வயது. மடியில் சோளப்பொரி.
"அப்பா, நான் ராணியா இளவரசியா?"
"தலையை ஆட்டாதே."
இப்போதைக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

லாரிச் சக்கரம் கழற்றி மாட்ட
இருபது நிமிடம் போதும் எனக்கு.
இந்த ஒரு வகிடு எடுக்க
மூன்று முறை தண்ணீர் தெளித்து
நான்கு முறை மன்னிப்பும் கேட்டாயிற்று.
நெற்றியிலிருந்து பிடரிவரை நேர்கோடு என்று
தாளில் வரைந்து கொடுத்திருந்தாள் லடோன்யா,
கடற்படைக் கப்பல் ஏறும் முன்பு.
கோடு என்னவோ
மேக்கனிலிருந்து இங்கே வருகிற சாலை மாதிரி
வால்டோஸ்டா பக்கம் கொஞ்சம் வளைந்துவிட்டது.

ஆறு வாரம் பட்டறையில்
தரை துடைக்கும் மாப்பின் தலையில் பழகினேன்.
மாப்பு "ஆ" என்று கத்தாது.
அதற்குச் சுருட்டை கிடையாது,
காதோரப் பூனைமயிர் கிடையாது.
கார்னெல் பார்த்துச் சிரித்தான். பிறகு அவனே வந்து
மூன்று புரியில் நடுப்புரி எப்போதும் மாறும் என்று
மாப்பைப் பிடுங்கிப் பின்னிக் காட்டினான்.
நாலு தங்கைகளோடு வளர்ந்தவன்.
யாரிடமும் சொல்லாதே என்றான்.
சொல்லிவிட்டேன்.

உடுப்பு:
பழைய சாமான் கடையில் நாலு டாலருக்கு எடுத்த
சாப்பாட்டறைத் திரைச்சீலை. கடுகுப்பூ மஞ்சள்.
கம்பி நுழைந்த ஓட்டைக்கெல்லாம் ஒவ்வொரு பட்டன்.
பாவாடை குடையாய் நிற்க உள்ளே கொசுவலை.
பசைத் துப்பாக்கி சுட்ட தழும்பு
என் கட்டைவிரலில்.
தரையைத் தொடும் நீளம் வேண்டும் என்றாள்,
ஓடவும் வேண்டும் என்றாள்.
மூன்று விரற்கடை தூக்கித் தைத்தேன்.
இளவரசிக்குப் பை எதற்கு என்றேன்.
கல் பொறுக்க, என்றாள்.
இரண்டு பை.

பின்னல்கள் தலையைச் சுற்றி வந்து கிரீடமாகி
நாற்பத்தொரு ஊசியும் ஏறியபின்
கடைசி நுனியில் ரப்பர் அறுந்தது.
கடை திறக்க எட்டு மணி ஆகும்.
சட்டைப் பையைத் துழாவினேன்.
டயர் வால்வுக்குப் போடும் கறுப்பு வளையம்.
போட்டேன். பிடித்தது.
காற்றையே பிடித்து வைக்கிற பொருளுக்கு
முடி எம்மாத்திரம்.

பத்தரை மணி. கோட்டை நிழலே தராத வெயில்.
வரிசை முழுக்கக் கடை நீலம், கடை ரோஜா,
நடுவில் என் மகள்
யாரோ சாப்பிட்ட அறையின் மஞ்சள்.
அவள் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன்.

பூங்காவின் இளவரசி குனிந்து கேட்டாள்:
"இந்த மகுடம் எந்த நாட்டுக் கைவேலை?"
கெஸாயா என் கையைத் தூக்கிக் காட்டினாள்.
நகக்கண்ணில் போகாத கிரீஸ்,
அதன்மேல் ஜிகினா.
"அந்தக் கறுப்பு மணி?"
"மணியில்ல. காத்து எறங்காம இருக்க."
இளவரசிக்கு ஒரு நொடி வசனம் வரவில்லை.
பொய்முடிக்கு அடியிலிருந்து
வியர்வை ஒன்று இறங்கிக் காதில் நின்றது.
"எங்கள் ராஜ்யத்தில் இது கிடைப்பதில்லை."
"எங்க கடையில ஒரு பெட்டி இருக்கு.
மேக்கனுக்கு வாங்க."

நாலு மணிக்கு மழை.
கொசுவலை மட்டும் தாக்குப்பிடித்தது.

தூங்குகிறவளின் தலையிலிருந்து
ஒவ்வொன்றாய் எடுத்துச் சோப்புத் தட்டில் போட்டேன்.
நாற்பது.
எழுந்துவிடுவாளென்று மற்றதைத் தேடவில்லை.
பைகளில் ஏழு கூழாங்கல், நனைந்த வறுவல் இரண்டு.

படம் அனுப்பியிருந்தேன்.
கப்பலிலிருந்து பதில் வர மறுநாள் காலையாயிற்று:
வகிடு கோணல்.
அதற்குக் கீழே, சற்றுக் கழித்து:
அந்தத் திரைச்சீலையில் எனக்குத் துணி மிச்சம் இருக்கிறதா?